பார்ட்னர் பெயர்

'பார்ட்னர் பெயர், போன் நம்பர்' என்ற கட்டத்தில் வேலப்பன் என்று எழுதி அனுப்பிய பிறகுதான் இசக்கிக்குச் சந்தேகம் வந்தது.

ஆரியசாலைக் கடைத்தெருவில் பார்ட்னர் என்றால் கடையில் பாதிப் பங்கு உள்ளவர். வேலப்பனும் அவனும் பதினோரு வருஷமாக மிளகாய்வத்தல் மொத்த வியாபாரம். ஆனால் அந்தப் படிவம் வியாபாரத்துக்கானது இல்லை, பால்வினை நோய்ப் பரிசோதனைக்கானது.

கட்டிக்கொள்ளப்போகும் கௌசல்யாவின் யோசனை அது. "ஞாயித்துக்கிழமை நிச்சயத்துக்கு முன்னால ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டை மாத்திக்கிடுவோம். வேலப்பன் மாமாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். கல்யாணத்தையே நிறுத்திருவாரு" என்றிருந்தாள்.

வேலப்பன் அவளுடைய தாய்மாமன். பக்கத்து லேபுகளில் எல்லாம் தெரிந்த முகங்கள் என்றுதான் இசக்கி ஆன்லைனுக்கு வந்திருந்தான். முப்பத்தாறு வயதில் அமைந்த பெண். அவளை இழக்க அவனுக்கு மனமில்லை.

ஹெல்ப்லைனைக் கூப்பிட்டான்.

"மேடம், வேலப்பன் பேரை எடுத்துருங்க. அவரு அந்த மாதிரி பார்ட்னர் இல்ல."

"பின்னே எந்த மாதிரி?"

"கடையில மட்டும்தான் மேடம். பதினோரு வருஷமா. எல்லாத்துலயும் பாதிக்குப் பாதி."

"சாரே, நாங்க யாரையும் தப்பா நினைக்கிறதில்ல. அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சோ?"

"ஆச்சு. ஆனா வீட்டைவிட எங்கூடத்தான் கூடுதல் நேரம்."

"அப்போ அவரும் கட்டாயம் டெஸ்ட் எடுக்கணும். வெள்ளிக்கிழமை ஆள் வரும்."

"ஐயோ, வீட்டுக்கு வேண்டாம்."

"கடைக்கே அனுப்பறேன். ரெண்டு பேருக்கும் அதுதானே சௌகரியம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சரி, வெள்ளிக்கிழமை வேலப்பனை அப்புறப்படுத்தினால் போதும் என்று வியாழன் காலையிலேயே ஆரம்பித்தான். அண்ணாச்சி என்றே கூப்பிட்டுப் பழகிய வாய், இப்போதுதான் மாமாவுக்கு மாறியிருந்தது.

"அண்ணா... மாமா, விழிஞ்ஞத்துல ஒரு ஹோட்டல்காரரு வத்தல் கேக்காரு. நாளைக்குப் போய்ப் பாக்கியளா?"

"நாளைக்கு என்னத்துக்குடே? நீ இன்னைக்கே போ. இப்பமே கிளம்பு" என்று வேலப்பன் அவன் கையில் பைக் சாவியைத் திணித்தார்.

அப்போது வத்தல் நெடிக்கு நாலு தும்மல் போட்டபடி, கையில் பெட்டியோடு ஒரு பெண் படியேறி வந்தாள். சட்டைப்பையில் ஆர்ஷா என்று அடையாள அட்டை.

"பிளட் எடுக்க வந்திருக்கேன். கப்பிள் டெஸ்ட். வேலப்பன், இசக்கி. ஆரு முதல்ல?"

ஒரு நாள் முந்தியே வந்துவிட்டாளே என்று இசக்கி அவளுக்கும் வேலப்பனுக்கும் நடுவில் போய் நின்றான். வேலப்பன் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். இனி மறைக்க முடியாது என்று இசக்கி படிவம், பார்ட்னர், கௌசல்யா, ஹெல்ப்லைன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான்.

வேலப்பனுக்கு இப்போது உயிர் வந்தது.

"சீ! ஒழுங்கா இருக்கவனுக்கு எதுக்குலே இந்த டெஸ்டு? ஒனக்கா என் மருமவ? ஞாயித்துக்கிழமை நிச்சயமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

இசக்கிக்குக் கண் கலங்கியது. வத்தல் நெடியால்தான் என்று அவனால் தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டே ஆர்ஷா போனைப் பார்த்தாள்.

"இசக்கி சாரே, உங்க டெஸ்ட் நாளைக்குத்தானே. இது போன வாரம் வேலப்பன் சார் புக் பண்ணினது, பார்ட்னர்னு உங்க பேரைப் போட்டிருக்காரு."