அப்பா சபை மாறவில்லை, கடலுக்குத்தான் போனார்

அன்பும் மரியாதையும் நிறைந்த லூர்து அத்தைக்கு,

அம்பத்தூரிலிருந்து உங்கள் தம்பி ஜெயபாலின் சின்ன மகள் ஸ்வீட்லின் எழுதுவது. உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம் காட்டாதீர்கள், உங்கள் ஜெபக்குழு அக்காமார்களிடம் காட்டாதீர்கள், முக்கியமாக என் அம்மாவுக்கு ஃபோனில் படித்துக் காட்டாதீர்கள். படித்து முடித்ததும் கிழித்து, கிழித்ததை நனைத்து, நனைத்ததைக் குப்பையில் போடுங்கள். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது, வேலூரில் வெயில் குறைந்ததா என்றெல்லாம் கேட்கவேண்டும், கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் நலம், அப்பாவுக்கு மட்டும் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் சரியாக விழுகிற ஒரே கதவு குளியலறைக் கதவுதான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது வாளி, நான் இல்லை. நானும் கொஞ்சம்தான்.

விஷயம் இதுதான் அத்தை: அப்பா சபை மாறவில்லை. வருகிற சனிக்கிழமை நீங்கள் ஜெபக்குழுவோடு வேன் வைத்துக்கொண்டு வந்து அப்பாவை மறுபடி கோவிலுக்குத் திருப்பப் போவதாக அம்மா சொன்னாள். தயவுசெய்து அந்த வேனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் வந்து கூடத்தில் முழங்காலில் நின்று உரக்க ஜெபித்தால் அப்பா பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிடுவார், உண்மை தெரிந்தால் அம்மா வீட்டைவிட்டே போய்விடுவாள், அப்புறம் ஹெலினா அக்கா கல்யாணம் என்ன ஆகும்?

முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் டாக்டர் அப்பாவிடம் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்றார். அப்பா நடந்தார். நடக்கிற இடத்தில் கார்த்திகேசன் அங்கிள் என்று ஒருவர் பழக்கமானார், திருநெல்வேலிக்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை, திருவேற்காட்டில் ஃபிளாட். அவர், “நடக்கிறீங்க, அப்படியே ஓடிப் பாருங்க சார்” என்றார். அப்பா ஓடினார். “ஓடுறீங்க, ஒரு சைக்கிள் எடுங்களேன்” என்றார். சைக்கிள் வந்தது. அதற்குப் பிறகுதான், “ரெண்டு வந்தாச்சு, இன்னும் நீச்சல் ஒண்ணுதானே பாக்கி” என்றாராம். கடலில் நீந்தி, ஏறி, ஈரத்தோடு சைக்கிள் மிதித்து, இறங்கி, அந்தக் காலோடேயே ஓடவேண்டும், மூன்றும் சேர்ந்து ஒரே போட்டி, அதன் பெயர் டிரையத்லான். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நீச்சல் என்றதும் தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள். “தோ பாருங்க, ஓடுங்க, பறங்க, எதை வேணா பண்ணுங்க. கடல்ல கால வச்சீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன்.” அப்பா, சத்தியமாக வைக்கமாட்டேன் என்றார். கால் வைக்கவில்லை அத்தை, தலையை வைத்தார்.

பாடியில் அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை எப்போதும்போல முழு ஷிஃப்ட், சூப்பர்வைசர் என்றால் உட்கார நேரம் கிடையாது. அதனால் விடிவதற்கு முன்னால் திருவேற்காட்டில் ஒரு நீச்சல் குளம், அங்கிருந்து ஷிஃப்ட், சாப்பாட்டு இடைவேளையில் லாரிகள் நிற்கிற முற்றத்தைச் சுற்றி ஓட்டம். முதல்நாள் அவர் ஓடுவதைப் பார்த்து வாட்ச்மேன் யாரோ திருடிக்கொண்டு ஓடுகிறான் என்று கேட்டைச் சாத்திவிட்டாராம். இரவில் இதே குளியலறையில் இதே வாளியில் முகத்தை முக்கி மூச்சு அடக்குவார், வெளியே அம்மா, “இன்னாங்க, உள்ள சோறு கொதிக்கிற மாரி சத்தம் கேக்குது?” என்பாள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட சைக்கிள் பயணம், திருமழிசை தாண்டி எங்கேயோ போய் வெயில் ஏறித்தான் வருவார். அதனால் ஞாயிறு பூசை போயிற்று. சனிக்கிழமை மாலையே ஷிஃப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு, பாடியில் உள்ள கோவிலில் பூசை பார்த்துவிடுகிறார். அதுவும் கணக்கில் சேரும்தானே? ஆனால் அது நம் கோவிலில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஜெயபால் ஞாயிறுதோறும் காணாமல்போகிறார் என்பதுதான்.

இதற்கிடையில் ஹெலினா அக்காவுக்கு நிச்சயம். ஆவடியிலிருந்து ரிச்சர்ட் அத்தான் வீட்டார் தட்டுத் தட்டாக வைத்தார்கள். அப்பா அன்று விடியற்காலை சைக்கிள் மிதித்துவிட்டு வந்த பசியில், பேசிக்கொண்டே மாப்பிள்ளை வீட்டுத் தட்டில் இருந்த வாழைச்சீப்பை ஒவ்வொன்றாகத் தின்று முடித்துவிட்டார், மிஞ்சியது காம்பு. பிறகு எல்லோரும் முழங்காலில் ஜெபித்தபோது அப்படியே தூங்கிவிட்டார். ஆமென் சொல்லி எல்லோரும் எழுந்து, காப்பி குடித்து, டம்ளரையும் வைத்துவிட்டார்கள், அப்பா மட்டும் கண்மூடி அசையாமல் முழங்காலில் இருக்கிறார். ரிச்சர்ட் அத்தானின் அப்பா ஜோஸ் மாமா ஆவடி கோவில் காரியங்களை நடத்துகிற பங்குப் பேரவையில் இருக்கிறவர். அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவிடம், “சம்பந்தி ஜெபம் பண்ற முறை புதுசா கீதே” என்றார்.

அது போதாதென்று துலுக்கானம் அண்ணன். எங்கள் பள்ளி ஆட்டோ ஓட்டுகிறவர். ஒருநாள் காலையில் ஆட்டோ நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார், “பாப்பா, உங்க நைனா வேற சபைல சேந்துக்கினாரா? திருவேற்காட்டாண்ட பாத்தேன். ஒரு ஆளு அவரு தலையப் புட்சி தண்ணில முக்கி முக்கி எடுக்கறாரு. உங்க நைனா ரெண்டு கையும் மேல தூக்கினு கீறாரு. கரையில நிக்கறவன்லாம் கை தட்றான்.” அது நீச்சல் வகுப்பு என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்? சபையில் சேருகிறவர்களைத் தண்ணீரில் முக்கிக் கொடுப்பார்களே, அந்த முழுக்கு ஞானஸ்நானம் என்றுதான் நினைத்தேன். ஆட்டோவில் இருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். என் வகுப்பிலேயே சபைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள்தான், என் கணக்கு நோட்டே அவர்களிடம் வாங்கியதுதான். ஆனால் ஜோஸ் மாமா ஒத்துக்கொள்வாரா? இரண்டே நாளில் செய்தி ஆவடிக்குப் போய், அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார், “தங்கச்சி, சுத்தி வளைக்கமாட்டேன். சம்பந்தி எங்க போறாரு வராருன்னு எனக்குத் தெரிஞ்சாவணும். அது தெரியாம எங்க கோயில்ல ஓலை குடுக்கமாட்டேன்.” இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்காமல் எந்தச் சாமியார் கல்யாணம் முடித்துவைப்பார்? அக்கா அழுதாள், அம்மா உங்களுக்கு ஃபோன் போட்டு அழுதாள், நீங்கள் வேன் பேசினீர்கள்.

நான் மாடிப்படியில் அப்பாவைப் பிடித்துக் கேட்டேன். அவர் என்னிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். “இந்த ஞாயிறு போட்டிம்மா. முடியட்டும், நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். இப்ப சொன்னா உங்கம்மா கெளம்பிடுவா. சொல்லலன்னா அக்கா கல்யாணம் நிக்குது. ஒரு வாரம் பொறுத்துக்கோ.” எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

போட்டியன்று பெசன்ட் நகர் மாதா கோவிலுக்கு வேண்டுதல், ஸ்வீட்லினையும் அழைத்துப் போகிறேன் என்று அப்பா சொன்னதும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அதை அப்படியே ஜோஸ் மாமாவுக்கும் ஃபோனில் சொல்லிவிட்டாள். பொய்யாகிவிடக்கூடாது என்று அப்பா நிஜமாகவே கோவிலில் இறங்கி மெழுகுவர்த்தி ஏற்றினார். பிறகு கார்த்திகேசன் அங்கிளின் கார் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தெற்கே கடற்கரைச் சாலையில் போனது. பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

கடற்கரையில் கூட்டம். எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் ரப்பர் தொப்பி, கையில் மையால் நம்பர். விசில் ஊதியதும் அத்தனை பேரும் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டு கடலுக்குள் ஓடினார்கள். எனக்குப் பின்னால் ஒரு குரல், “ஐயோ மாதாவே, கும்பலாவே ஞானஸ்நானம் குடுக்கறாங்களா!” திரும்பினால் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஜோஸ் மாமா.

“மாமா, அது போட்டி.”

“போட்டி வச்சா சபைல சேக்கறாங்க?”

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு நீச்சல் புரிந்தது, சைக்கிள் புரிந்தது, ஓட்டம் புரிந்தது, லீவுநாளில் ஒரு மனிதன் எதற்காக மூன்றையும் செய்யவேண்டும் என்பதுதான் புரியவில்லை. அதற்குள் மற்றவர்கள் கரையேறத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மஞ்சள் தொப்பியாக வந்தது, ஒன்றுகூட அப்பா இல்லை. கார்த்திகேசன் அங்கிளும் வந்து சைக்கிளில் போய்விட்டார். தூரத்தில் படகுதான் தெரிந்தது. அத்தை, அப்போது எனக்குக் கல்யாணமும் தோன்றவில்லை, ஓலையும் தோன்றவில்லை. அப்பா வந்தால் போதும், எந்தச் சபைக்கு வேண்டுமானாலும் போகட்டும் என்று நினைத்தேன். ஜோஸ் மாமா மணலிலேயே முழங்காலில் விழுந்து ஜெபமாலையை எடுத்தார். “வந்துடு சம்பந்தி, ஓலை குடுத்துடறேன், வந்துடு” என்று ஒவ்வொரு மணிக்கும் நடுவில் சொன்னார்.

கடைசி ஆளாக, படகு பக்கத்திலேயே வர, அப்பா வந்தார். நடந்தார் என்று சொல்லமுடியாது, அலை தள்ளிவிட்டது. எங்களைத் தாண்டி ஓடிப்போய் ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்னாகப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தபோதுதான் ஜோஸ் மாமாவைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய், மூச்சு வாங்க, அவர் வாயில் தானாக வந்தது, “மரியே வாழ்க, சம்பந்தி!”

“சபை மாறலியே?”

“மூச்சுதான் மாறுது, வழிய வுடு.”

ஜோஸ் மாமா சிரித்த சிரிப்பைப் பார்த்து, பக்கத்தில் வாழைப்பழம் விநியோகித்த பெண் பயந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. “மிதி சம்பந்தி! இன்னா டீ குடிக்கவா வந்த!” என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். அப்பா ஓடி முடிக்க வந்தபோது அலங்கார வளைவைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்கள், கோடு எது என்றே தெரியவில்லை. ஜோஸ் மாமா தன் துண்டின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து மறுமுனையை அவர் பிடித்தார். அப்பா அதன்மேல் விழுந்தார். இரண்டு சம்பந்திகளும் மணலில் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மாலையில் ஜோஸ் மாமாவே வந்து அம்மாவிடம், “நானே கூடப் போய் விசாரிச்சுட்டேன் தங்கச்சி. சபையும் இல்ல ஒண்ணும் இல்ல, சைக்கிள் கிறுக்கு, அவ்ளோதான்” என்றார். கடலைப் பற்றி மூச்சுவிடவில்லை. அம்மா நம்பிவிட்டாள், ஃபோனில் கேட்ட நீங்கள்தான் நம்பாமல் வேனை நிறுத்தவில்லை. எல்லோரிடமும் சொல்லிவிடுவேன் என்ற அப்பாவும், “அக்கா கல்யாணம் முடியட்டும்மா” என்று என்னிடம் கண்ணைக் காட்டினார். போன ஞாயிறு இரண்டு கோவிலிலும் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அப்பா நம் கோவிலில் முதல் வரிசையில், தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா பாட்டுப் பாடிக்கொண்டே துணி மடிக்கிறாள். நானும் நேற்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஆகவே அத்தை, கவலையை விடுங்கள், வேனை விடுங்கள், கல்யாணத்துக்கு நல்ல பட்டாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வாருங்கள். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஜெபத்தில் என் அரையாண்டுத் தேர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் ஆசியை நாடும்,
ஸ்வீட்லின்

பின்குறிப்பு: ஒன்று விட்டுப்போயிற்று. அடுத்த போட்டி கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு வருகிறது. அப்பா பெயர் கொடுத்துவிட்டார். ஜோஸ் மாமாவும் கொடுத்துவிட்டார். அவருக்கும் நீச்சல் தெரியாது, அதே திருவேற்காட்டுக் குளத்தில் அதே ஆள்தான் முக்கி எடுக்கிறாராம். வீட்டில் சொன்னால் ரிச்சர்ட் அத்தானின் அம்மா விடமாட்டார்கள் என்று அவரும் சொல்லாமல்தான்

கதவு தட்டுகிறார்கள். அம்மா. “ஸ்வீட்லின், தெறடி கதவ! ஆவடிலேர்ந்து போன், ரிச்சர்ட் அம்மா அழுவுறாங்க. பெத்த புள்ள ஓலை வாசிச்ச பூசைக்கே ஜோஸ் அண்ணன் போவலியாம். யாரோ அவரத் தண்ணில முக்கறதப் பாத்தாங்களாம். ரெண்டாவது ஓலைய நிறுத்தச் சொல்றாங்கடி! உனக்கு எதுனா தெரி