இடப்பக்கத்துச் சம்பியன்

பழைய சம்பியன் என்று ஓர் இனம் நம்மிடையே உலாவுகிறது, பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட்டிலும் உண்டு, கரம் போர்டிலும் உண்டு. ஆனால் அசல் சரக்கு வேண்டுமென்றால் வெள்ளவத்தைக்கு வந்து கஜீவனைப் பாருங்கள்.

வயது நாற்பத்தைந்து, பம்பலப்பிட்டியில் காப்புறுதிக் கம்பனி வேலை, அளவான தொப்பை. இருபத்தெட்டு வருஷங்களுக்கு முன்னர், பௌஸி நானாவின் வீடியோ கேம் கடையில், 'தண்டர் நொக்கவுட்' என்ற சண்டை மெஷினில், ஒரே நாளில் முப்பத்தொரு பேரை அடுத்தடுத்து விழுத்தியவர். இதைச் சொல்லாமல் அவர் யாருக்கும் கைகொடுத்ததில்லை. கலியாணம் பேசப் போன வீட்டிலும் சொன்னார். மனைவி சுபோதினி அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

விளையாட்டு அதற்குள் எங்கேயோ போய்விட்டது. கடை மெஷினிலிருந்து டிவிக்கு வந்து, டிவியிலிருந்து இன்டர்நெட்டுக்குத் தாவி, இரண்டாம் பாகத்தில் நெருப்பைக் கக்கி, நாலாம் பாகத்தில் ஆகாயத்தில் பறந்து, இப்போது ஏழாம் பாகத்தில் நிற்கிறது. கொட்டாஞ்சேனையில் ஜெனிஸ்டன் என்ற இளைஞன் ஒரு ஹோலை வாடகைக்கு எடுத்து மாதமொரு போட்டி வைக்கிறான். கஜீவன் ஒன்று தவறாமல் போவார். விளையாடுவாரா? மூச்! பின்னால் நின்று நாடியைத் தடவுவதோடு சரி.

"இதெல்லாம் ஒரு கேமே? பட்டனைத் தட்டினா அதுவே அடிக்குது. முதலாம் பாகத்தை அந்தப் பழைய மெஷினிலயே வையுங்கோ. அப்ப காட்டுறன் நான் ஆர் எண்டு."

எவ்வளவு பாதுகாப்பான சவால்! அந்த மெஷின் இனி எங்கே இருக்கப் போகிறது?

இருந்தது. புறக்கோட்டை ஸ்டோர் ஒன்றில் தூசி தின்றுகொண்டு கிடந்தது. ஜெனிஸ்டன் அதைத் தேடிப்பிடித்து, துடைத்து, திருத்தி, போன ஞாயிறு ஹோலின் நடுவே நிறுத்திவிட்டான்.

"அண்ணே, உங்கட மெஷின்!"

கஜீவன் வாசல் பக்கம் பார்த்தார். நழுவலாமென்றால் அன்றைக்கென்று சுபோதினியும் கூட வந்திருந்தார். தோற்றால் வீட்டில் இனி எந்தக் கதை எடுபடும்? பழைய கடை வழக்கப்படி ஒரு நாணயத்தை மெஷின் கண்ணாடியில் வைத்துவிட்டு, இடப்பக்கம் போய் நின்றார். வலப்பக்கம் வந்தது டிலக்ஷி, ஏஎல் பரீட்சைக்குப் படிக்கும் கொட்டாஞ்சேனைப் பெண்.

"அங்கிள், ரெடியா?"

அவருக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான்: குனிந்து காலை வாரும் உதை. அந்தக் காலத்தில் நாலு உதையில் எதிராளி மல்லாந்துவிடுவான். இப்போதும் விடாமல் உதைத்தார். டிலக்ஷி ஒவ்வொன்றையும் தடுத்தாள். தடுத்துவிட்டு, சாவகாசமாக ஒன்று கொடுத்தாள். கஜீவனின் ஆள் சுருண்டு விழுந்தான். இரண்டாம் ரவுண்டும் அப்படியே.

"நீ என்னெண்டு பிள்ளை தடுக்கிறாய்?"

"ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்தாத் தடுக்கும்தானே, அங்கிள்?"

ஜெனிஸ்டன் தலையைச் சொறிந்தான். "அது அண்ணே, வலப்பக்க ஸ்டிக் பின்னுக்குப் போகாமல் இறுகிக் கிடந்தது. பௌஸி நானாட்டக் கேட்டனான். கடைக்கு வந்த நாளிலயிருந்தே அப்பிடித்தானாம். நான்தான் இப்ப புது ஸ்பிரிங் போட்டனான்."

ஆக, அந்தக் கடையில் வலப்பக்கம் நின்ற எவரும் ஓர் அடியைக்கூடத் தடுத்ததில்லை, தடுக்க வழியில்லை. வென்றவன் இடப்பக்கமே நிற்பான், அவனை எதிர்க்க வருபவன் வலப்பக்கம் நிற்பான் என்பது கடைச் சட்டம். கஜீவனின் வீடோ அடுத்த ஒழுங்கை. கடை திறக்கும்போதே இடப்பக்கத்தைப் பிடித்துவிடுவார். ஐயோ, அந்த முப்பத்தொரு பேர்! ஒன்று சொல்ல வேண்டும்: மனுஷனுக்கு இது சத்தியமாகத் தெரியாது. முகம் அப்படியே வாடிப்போயிற்று, பார்க்கவே பாவமாக இருந்தது.

"அப்ப இவ்வளவு காலமும் நீங்கள்..." என்று தொடங்கினார் சுபோதினி.

அவ்வளவுதான். கஜீவன் நிமிர்ந்தார், தொப்பையை உள்ளே இழுத்தார்.

"அருமையான மெஷினப்பா. திருத்துறன் எண்டு பழுதாக்கிப் போட்டாங்கள்!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடிந்ததும், நீங்கள் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்த வருஷத்தை, அல்லது கந்தோரில் எல்லோரையும் முந்திப் பதவி உயர்வு வாங்கிய கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வலப்பக்கம் நின்றவரிடம், அவருடைய ஸ்டிக் பின்னுக்குப் போனதா என்று கேட்டீர்களா?