அரசுக் கருவியில் கேட்ட சாட்சியம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. மடவார் வளாகத்தில் டேப்ரிக்கார்டர் கடை வைத்திருக்கும் சேக் முகைதீன் பாய் சொன்னது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். ஊர் ஊராக வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகம் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1986-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து சண்முகத்தாய் என்ற பெண் அங்கே மனுக் கொடுத்தார். பட்டாளத்தில் இருந்த கணவர் முத்துராமலிங்கம் இறந்துவிட்டார். இவர்தான் மனைவி என்று அலுவலகம் சான்று தந்தால் பென்ஷன் வரும். ஆனால் அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை என்று கொழுந்தன் சிவனாண்டி எழுதிக் கொடுத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, போட்டோ எதுவும் கிடையாது. இருந்தது ஒரு கேசட். மனைவிக்குப் படிக்கத் தெரியாது என்பதால், முத்துராமலிங்கம் கடிதத்தைப் பேசி அனுப்பியிருந்தார்.

"பாய் கடையில பொட்டி இருக்குங்கய்யா. செத்த நேரத்துல போட்டுக் கேட்டுரலாம்" என்றார் சண்முகத்தாய்.

அதிகாரி ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "தனியார் கருவியில கேட்டா அது பாட்டும்மா. அரசுக் கருவியில கேட்டாத்தான் சாட்சியம்."

ஆக, கேசட் கோப்பில் சேர்க்கப்பட்டது. அரசுக் கருவி ஒன்றைத் தேர்வு செய்ய, அதிகாரி, தலைமை எழுத்தர் வைகுண்டராஜ், பொருள் காப்பாளர் சந்தனம் ஆகிய மூவர் குழு அமைக்கப்பட்டது. எண்ணூறு ரூபாய்க்கு மிகாமல் வாங்கலாம் என்று மேலிடம் கனிவுடன் அனுமதித்தது.

வளைகுடாவிலிருந்து வந்தவர்களெல்லாம் இரண்டு ஸ்பீக்கர் வைத்த வெள்ளிநிறப் பெட்டியைத் தோளில் சுமந்து திரிந்த காலம் அது. அதிகாரியும் அதையே விரும்பினார். வழக்கில் வாதி, பிரதிவாதி என்று இருவர் உண்டு, ஆளுக்கொரு ஸ்பீக்கர் வேண்டாமா என்பது அவர் வாதம். ரேடியோ சேர்ந்த பெட்டி கூடாது, அரசுக் கோப்புக்குள் சினிமாப் பாட்டு புகுந்துவிடும் என்றார் வைகுண்டராஜ். சந்தனம் கைப்பிடி கட்டாயம் வேண்டும் என்றார். கைப்பிடி இருந்தால்தான் மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டலாம்.

எண்ணூறு ரூபாய்க்கு ஒரே ஸ்பீக்கர்தான் கிடைக்கும் என்று ஏற்பதற்கு ஓராண்டு ஆனது. மூன்று கடைகளின் விலைப்புள்ளி வேண்டும் என்றார்கள். மூன்றையும் பாயே எழுதினார். நேர்மைக்குப் பழுது வராமல் மூன்று நிற மையில் எழுதினார். திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறி வந்த சண்முகத்தாயிடம், "உங்க விஷயமாத்தான் அம்புட்டுப் பேரும் பாடுபடுறோம்" என்று சந்தனம் ஆறுதல் சொன்னார்.

1988-ல் பெட்டி வந்தது. பதிவு செய்கிறதா என்று முழுக் கொள்ளளவுக்கும் சோதித்துச் சான்றளித்தால்தான் பாய்க்குப் பணம். ஆனால் அனுமதி பெட்டிக்கு மட்டும்தான், கேசட்டுக்கு இல்லை. பாய் ஒரு புதுக் கேசட்டைச் சும்மா நீட்டினார். அன்பளிப்பு வாங்குவது நடத்தை விதிக்கு முரண் என்று திருப்பிக் கொடுத்தார்கள். கோப்பில்தான் ஒன்று இருக்கிறதே என்று கண்டுபிடித்தவர் வைகுண்டராஜ்.

போட்டார்கள். பதிவுப் பொத்தான் இறங்கவில்லை.

"பொட்டி கோளாறு" என்றார் அதிகாரி.

பாய் பதறிப்போய்க் கேசட்டைத் திருப்பிக் காட்டினார். "பொட்டி நல்ல பொட்டி சார். பின்னாடி இந்தப் பல்ல ஒடச்சு விட்ருக்காவ. பேசினது அழியக் கூடாதுன்னு ஒடைக்கிறது."

"உடைஞ்சிருக்குல்ல? அப்ப சேதாரம்" என்ற சந்தனம், அந்தப் பொத்தலில் காகிதம் வைத்துப் பசை தடவி ஒட்டினார்.

வேண்டாம் என்று பாய் சொல்லியிருக்கிறார். விற்பவர் ஆலோசனை சொல்லக் கூடாது, பில் நிலுவையில் இருக்கிறது என்று அதிகாரி நினைவூட்டியிருக்கிறார். இந்த இடத்தை மட்டும் பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பொத்தான் இறங்கியது. கொள்முதல் நிபந்தனைகளை அதிகாரி, கேசட்டின் அந்தப் பக்கம் ஓடிய முப்பது நிமிடமும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஒலிப்பதிவு மிகத் தெளிவு என்று மூவரும் கையெழுத்திட்டார்கள். பாய்க்குப் பணம் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை விசாரணை. சண்முகத்தாய், சிவனாண்டி இருவர் முன்னிலையிலும் கேசட் அரசுக் கருவியில் ஒலித்தது: "நிபந்தனை ஒன்று. கருவி உறுதியான கைப்பிடி உடையதாய் இருத்தல் வேண்டும்."

சண்முகத்தாய் எழுந்துவிட்டார். "இது அவிய கொரலு இல்லைங்கய்யா."

வைகுண்டராஜ் ஒரு சொல் விடாமல் எழுதினார்: ‘கேசட்டில் உள்ளது தன் கணவர் குரல் அல்ல என மனுதாரரே ஒப்புக்கொண்டார்.’ மனு தள்ளுபடி ஆனது.

1991-ல் எனக்கு வேலை கிடைத்தது. அதே அலுவலகத்தில் தட்டச்சர். பாய் சொன்னது மெய்யா என்று அறிய அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன். கேசட் உறைக்குள் இருந்தது. ஒரு பக்கத்துப் பொத்தலில் காகிதம் ஒட்டியிருந்தது. மறுபக்கத்துப் பொத்தலை யாரும் தொடவில்லை. மதிய இடைவேளையில் பாய் கடைக்குக் கொண்டுபோய் அந்த மறுபக்கத்தைப் போட்டுப் பார்த்தேன்.

"ஏட்டி சண்முகத்தாயி, நம்ம கல்யாணத்தன்னைக்கி என் புதுச் செருப்ப மாட்டிட்டுப் போனாம்லா சிவனாண்டி, அத இன்னும் தரல. கேட்டு வாங்கி வையி."

இருபத்தேழு நிமிடம், தெளிவாக இருக்கிறது.

இதைக் கோப்பில் நான் இன்னும் எழுதவில்லை. நான் கேட்டது தனியார் கருவியில். தவிர, என் வேலையை நிரந்தரமாக்கும் ஆணை மார்ச் மாதம் வர வேண்டும்.