சராசரியைக் கெடுத்த டீச்சர்

நம் ஊர்களில் ஓர் இனம் உண்டு. யாருடைய கஷ்டத்தையும் தீர்க்காது, அளக்கும். கடல் பொங்கி வந்து போன பிறகு மரக்காணம் கரையில் இந்த இனம் ரொம்பவே பெருத்துவிட்டது. வலை போனவனை அளந்தார்கள், வீடு போனவளை அளந்தார்கள், அளக்க ஆள் தீர்ந்தபோது வாத்தியார்களிடம் வந்தார்கள்.

தட்சணாமூர்த்தி சார் இந்த இனத்தில் அசல் சரக்கு. எம்.ஃபில். பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'ஆசிரியப் பணியின் பிரச்சினைகள்: ஓர் அளவீடு'. சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா, பைக்கில் ஜெராக்ஸ் எடுத்த கேள்வித்தாள் கட்டு, வாயில் எந்நேரமும் 'எங்க கைடு என்ன சொல்றாருன்னா', முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் இரக்கம் என்று இவர் வாசலில் வண்டியை நிறுத்தினால், உள்ளே பாடம் நின்றுவிடும். நிற்க வேண்டாமா? பாடம் தினமும் நடக்கிறது, ஆராய்ச்சி தினமுமா நடக்கிறது?

கிளியனூரில் அளந்தார். பெருமுக்கலில் அளந்தார். கடைசியில் உப்பளத்தை ஒட்டிய ஈராசிரியர் பள்ளிக்கு வந்தார். அங்கே ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவர் மெஹரூன்னிசா டீச்சர். இன்னொரு ஆசிரியர் எங்கே என்று கேட்பீர்கள். அவர்தான் இவர். ஆராய்ச்சிக்காக நீண்ட விடுப்பில் போன தட்சணாமூர்த்தி சாரேதான்.

இதில் சாருக்குக் கூச்சம் ஏதும் இல்லை. பழகிய இடம், தாள் சீக்கிரம் நிரம்பும் என்று மகிழ்ந்தார். டீச்சரோ அவர் திரும்ப வேலையில் சேர வந்துவிட்டார் என்று நினைத்து முகம் மலர்ந்தார். உப்பு வாரும் பருவம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்காவிட்டால் பிள்ளைகள் பாத்தி வேலைக்குப் போய்விடுவார்கள், போனால் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது என்று படபடவென்று சொன்னார். சார் பரிவோடு தலையாட்டிவிட்டுத் தாளை நீட்டினார்.

'பணிச்சுமை எனக்குப் பெரும் பாரமாக உள்ளது' என்றது முதல் வாக்கியம். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்ற கட்டத்தில் டீச்சர் டிக் அடித்தார். அடுத்ததற்கும் அதே. அதற்கடுத்ததற்கும் அதே. சாருக்கு மனம் நொந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் ஒரே கட்டத்துல டிக் போட்டா எப்படி டீச்சர்? சராசரி கெட்டுப் போவுது. கொஞ்சம் நடுவுலயும் போடுங்க."

"நீங்க எப்ப சார் ஸ்கூலுக்கு வர்றீங்க?" என்றார் டீச்சர்.

"அந்தக் கேள்வி இதுல இல்லீங்களே."

டீச்சர் தாளை முடித்து நிமிர்ந்தபோது ஐந்தாம் வகுப்பின் பின்வரிசை காலி. இலக்கியாவும் சிலம்பரசனும் பாத்தியில் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். ஆசிரியர் வகுப்பை விட்டு ஓடுவதைச் சார் கவலையோடு குறித்துக்கொண்டார். இலக்கியா திரும்பி வந்தாள். சிலம்பரசன் அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

சாருக்கு எரியவில்லை. மற்றவற்றோடு ஒட்டாத டீச்சருடைய அந்த ஒரு தாளை எடுத்துவிடச் சொன்னார் கைடு, எடுத்துவிட்டார். முடிவு அழகாக வந்தது: 'இப்பகுதி ஆசிரியர்களின் பணிச்சுமை மிதமானதே.' பட்டம் வந்தது, ஊக்க ஊதியம் வந்தது, திண்டிவனத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையும் வந்தது. அவருடைய முதல் பயிற்சி, 'ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளைச் சமாளிப்பது எப்படி'. கட்டாயம் வர வேண்டும் என்று மெஹரூன்னிசா டீச்சருக்கும் உத்தரவு போனது. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வந்தார்.

ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுகிறீர்களா? தாராளமாகக் கொட்டுங்கள். ஆனால் உங்கள் நாற்காலி இப்போது எங்காவது காலியாகக் கிடந்தால், உங்கள் வேலையையும் சேர்த்து அங்கே யார் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டு விசாரியுங்கள். கேள்வித்தாளில் இல்லாத கேள்விதான். இருந்தாலும் கேளுங்கள்.