ஓட்டத் தெரிந்தவர் உள்ளே இருந்தார்

கிரேலிங் ஏரி, அலாஸ்கா
பிப்ரவரி, வியாழக்கிழமை

கிரேலிங் ஏரி விமானச் சங்க இதழின் ஆசிரியர் ரூடி சோமர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். தாங்களும் தங்கள் நாய்களும் நலமென்று நம்புகிறேன். தங்கள் தோள்வலி இப்போது தேவலை என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. தாங்கள் என் மனைவி வில்மாவின் அண்ணன் என்பதையோ, ஏரிப் பனியில் துளை போடும் என் கருவியை இரவல் வாங்கிப் போய் முனை மழுங்கத் திருப்பிக் கொடுத்ததையோ இந்தக் கடிதத்தில் நான் குறிப்பிடப் போவதில்லை. இது ஓர் ஆசிரியருக்கு ஒரு வாசகன் எழுதும் கடிதம்.

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில், மீன் சூப் விருந்து அறிவிப்புக்குக் கீழே, இப்படி ஒரு செய்தி இருந்தது: "இம்மாதம் நம் ஏரியில் ஒரு மஞ்சள் விமானம் மிக அழகாக ஊர்ந்து சென்றது. அதன் விமானி பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தார்." இந்த ஏரியில் மஞ்சள் விமானம் ஒன்றுதான். செய்தி இரண்டே வரி, ஆனால் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற பெண்கூட என்னைப் பார்த்ததும் முத்திரையை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறாள். சிரிப்பை நான் தாங்கிக்கொள்வேன். பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவனுக்கு அது பழக்கம். ஆனால் வரும் ஞாயிறு சங்கக் கூட்டத்தில் தடப் பொறுப்பாளர் பதவிக்கு வாக்கெடுப்பு. ஆண்டுக்கணக்காக அந்தப் பதவியில் இருப்பவன் நான். ஏரி உறைந்ததும் பனியின் கனத்தை அளப்பவன் நான், ஓடுதடத்தின் இருபுறமும் அடையாளத்துக்கு ஸ்ப்ரூஸ் மரக் கன்றுகளை வெட்டிப் பனியில் நடுபவன் நான், இன்று இறங்கலாம், இன்று வேண்டாம் என்று சொல்பவன் நான். என் காலத்தில் ஒரு விமானம்கூட ஏரிக்குள் போனதில்லை. அதற்கு யாரும் கைதட்டியதில்லை, அது வேறு விஷயம். இப்போது அந்த இடத்துக்கு டுவேன் கெட்டில்சன் நிற்கிறான். நான் விதியை மீறிவிட்டேனாம், ஆகவே எனக்குத் தகுதி இல்லையாம்.

அந்த விதி எது என்பது தங்களுக்குத் தெரியும். "எஞ்சின் ஓடும்போது, ஓட்டத் தெரிந்த ஒருவர் விமானத்துக்குள் இருக்க வேண்டும். மீறியவர் சங்கத்தில் எந்தப் பொறுப்பும் வகிக்கக் கூடாது." எழுதியவன் நான். டுவேனின் விமானம் ஆளில்லாமல் கிளம்பிப் போய்த் தங்கள் விறகுக் கொட்டகையில் முட்டி நின்ற அந்த ஆண்டு, கூட்டத்தில் எழுந்து நின்று அதை உரக்க வாசித்தவனும் நான்தான். டுவேன் அதை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை, எனக்கு அது நல்ல நினைவு. ஆகவே, நடந்ததை உள்ளபடி இங்கே எழுதுகிறேன். தாங்கள் இதை ஞாயிறன்று கூட்டத்தில் ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும்.

அன்று காலை வில்மாவை விமானத்தில் முழங்கால் மருத்துவரிடம் அழைத்துப் போகக் கிளம்பினேன். முந்தைய நாள் சூடான காற்று வீசிப் பனியெல்லாம் நசநசத்து, பிறகு மறுபடி இறுகியிருந்தது. எஞ்சினுக்குப் போர்வை போட்டுச் சூடேற்றி, இறக்கையில் படிந்த உறைபனியைத் துடைப்பத்தால் தள்ளி, எல்லாம் முறைப்படி செய்தேன். கரையிலிருந்து புறப்பட்டுப் பாதித் தடம் வந்தபோது பார்க்கிறேன், நான் நட்ட ஸ்ப்ரூஸ் கன்று ஒன்று சாய்ந்து கிடக்கிறது. டுவேனின் பனி வண்டித் தடம் அதன் மேலேயே போகிறது. நான் எதையும் சொல்லவில்லை, தடம் போகிறது என்று மட்டும் சொல்கிறேன். பொறுப்பாளன் பார்த்துவிட்டுப் போக முடியுமா? நின்றேன். இறங்கினேன். கன்றை நட்டேன். திரும்பி வந்து பார்த்தால், சக்கரத்துக்குப் பதில் மாட்டியிருக்கும் சறுக்குப் பலகை இரண்டும் பனியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஓடுகிற பலகை உரசி உரசி அடியில் உள்ள பனியை உருக்கும், நின்றால் அந்த ஈரம் உறைந்து பலகையைப் பிடித்துக்கொள்ளும். இதை என் மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அவர்களில் ஒருவன் இப்போது மளிகைக் கடையில் என்னைப் பார்த்து, "சார், படம் போட்டதோட விட்டிருக்கலாமே" என்கிறான்.

இப்படி ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது வழக்கம் என்பது இந்த ஏரியில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டு வழக்கம், நான் எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றுவேன், வில்மா இறங்கிப் போய் வாலைப் பிடித்து உலுக்குவாள், பலகை விடுபட்டதும் ஓடிவந்து ஏறிக்கொள்வாள். நான் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான். அன்று அவளுக்கு முழங்கால் வலி. ஆகவே அவள் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்க, நான் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைச் சற்று முன்னே தள்ளி வைத்துவிட்டு இறங்கிப் போய் வாலை உலுக்கினேன். நான் உலுக்கிய உலுக்கில் பலகை உடனே விட்டது. இதையும் யாரும் பாராட்டவில்லை. விமானம் கிளம்பிவிட்டது.

"நிறுத்து!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பக்கக் கதவு திறந்திருந்தது. வில்மா தலையை வெளியே நீட்டினாள்.

"நிறுத்தினா ஒட்டிக்கும்! ஓடி வா மனுஷா!"

"த்ராட்டிலைப் பின்னால இழு!"

"காலைத் தூக்கி ஓடு! எத்தனை வருஷமா நான் ஓடினேன்!"

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு ஆள் எவ்வளவு வேகமாக ஓட முடியும்? கரையில் சங்கக் குடிசை வாசலில் டுவேன் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தான். பின்னால் பாதி ஊர். "வாத்தியாரே! பின்னாடி தள்ளுறவங்களுக்கு டிக்கெட் கிடையாதா?" என்று கேட்டான். இருந்த மூச்சு ஓட்டத்துக்கே சரியாக இருந்தது.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. ஆசிரியர் அவர்கள் இதை நிதானமாக, டுவேனின் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். தடத்தின் கடைசியில் ஓடை வந்து சேரும் இடத்தில் மேலே வெள்ளைப் பனி, அடியில் கஞ்சி மாதிரிச் சகதி. உள்ளே போன விமானம் வயிறு வரை இறங்கிவிடும், அங்கே நான் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். சறுக்குப் பலகை விமானத்துக்குப் பிரேக் கிடையாது. காற்று பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்தது, அந்தக் காற்றில் வால் தன் இஷ்டத்துக்கு அலையும். உள்ளே முழங்கால் வலியோடு என் மனைவி. எனக்கு ஓட்டமே நின்றுவிட்டது. மூச்சு வாங்க நின்றேன். வேடிக்கை பார்க்க நின்றதாக டுவேன் சொல்வது பொய்.

அவள் பின் இருக்கையின் கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளினாள், வாலைத் திருப்புகிற ஒரு பக்க மிதியை முழுக்க அழுத்தினாள், எஞ்சினுக்கு ஒரே ஒரு உறுமல் கொடுத்தாள். வால் எழும்பி, பனித்தூள் பறக்க, சிவப்புத் துணிக்கு முன்னால் விமானம் அப்படியே சுழன்று திரும்பியது. உடனே எஞ்சினைத் தணித்துவிட்டாள். ஆசிரியர் அவர்களே, உரிமம் வாங்கி அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற டுவேன் அந்த இடத்தில் திரும்பும்போது ஏரியில் பாதி வேண்டும் அவனுக்கு.

பிறகு அவள் என்னை நோக்கி வந்தாள். முதல் தடவை இறக்கைத் தாங்கியைப் பிடித்தேன், வழுக்கி விழுந்தேன், தொப்பி போயிற்று. அவள் நிற்கவில்லை, ஒரு வட்டம் போட்டு வந்தாள். "சாய்ஞ்சு ஏறாதே, குதி!" என்றாள். குதித்தேன். தலை முன் இருக்கையில், கால்கள் வெளியே. அப்படியே குடிசையைத் தாண்டி என்னைக் கொண்டுபோனாள். கைதட்டினார்கள், யாருக்கென்று நான் பார்க்கவில்லை, பார்க்கிற நிலையில் இல்லை. சறுக்கு ஒட்டாமலிருக்க நான் விமானம் நிறுத்தும் இடத்தில் போட்டிருக்கும் இரண்டு மரப்பலகைகள் மேல் இரண்டு சறுக்குகளும் ஏறி நிற்கும்படி விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள்.

ஆக, எஞ்சின் ஓடியபோது ஓட்டத் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்தாரா இல்லையா? இருந்தார். விதியில் உரிமம் என்ற சொல் இல்லை. வேண்டுமென்றே விட்டேன், ஏனென்றால் உரிமம் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை குளிர்காலமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து என் கையைப் பார்த்துப் பார்த்து அவள் கற்றது இது. சொல்லிக் கொடுக்காமலே கற்றுக் கொடுத்திருக்கிறேன். ஆகவே விதி மீறப்படவில்லை, என் பதவி என்னிடமே இருக்க வேண்டும், டுவேன் என் ஸ்ப்ரூஸ் கன்றுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தங்கள் எஞ்சின் எந்தக் குளிரிலும் முதல் சுழற்சியிலேயே பிடிக்கட்டும், தங்கள் பலகைகள் எங்கும் ஒட்டாதிருக்கட்டும். தங்கள் மனைவிக்கும் நாய்களுக்கும் என் அன்பு.

பி.கு.: ரூடி, இதை உறையில் போடும் முன் ஒன்று சொல்ல வேண்டும். அன்று மருத்துவரிடம் விமானத்தை ஓட்டிக்கொண்டு போனது நான்தான். இறங்கியதும் வில்மா, "அந்தத் திருப்பத்துல நீ எப்பவும் லேட்டாதான் மிதிக்கிற" என்று மட்டும் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டாள். அதன்பின் மூன்று நாள் நான் முறைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று காலைதான் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், அவள் சொன்னபடி முன்கூட்டியே மிதித்துப் பார்த்தேன். விமானம் அவளுக்குத் திரும்பியது போலவே திரும்பியது. இத்தனை ஆண்டு நான் சகதிக்கு எவ்வளவு பக்கத்தில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் முழுக்க வாசித்துப் பார்த்தால், இது எனக்கு ஓட்டுக் கேட்கிற கடிதமாக இல்லை. போட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிடு, வில்மாவின் பெயரைப் போடு. அவள் மறுத்தால் டுவேன் வந்துவிடுவான் என்று சொல், மறுக்க மாட்டாள். முழங்கால் தேறும் வரை கன்றுகளை நட அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கும், ஆள் இருக்கிறான். கீழே கையெழுத்துப் போடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். போடாமலே அனுப்புகிறேன். கூட்டத்தில் இதை நீ வாசிக்கும்போது யாராவது என் பக்கம் திரும்பினால், வில்மாவைப் பற்றி இவ்வளவு நல்லதாக நாலு வார்த்தை எழுதக்கூடியவன் நானில்லை என்று அவளே எழுந்து சாட்சி சொல்வாள்.