நீலமேகமும் பட்டாணி டிரான்சிஸ்டரும்

“திரு. நீலமேகம், ஒலிபெருக்கிக் காப்பாளர். கருவியை மிகைச் சுமையினின்றும் பழுதினின்றும் பாதுகாக்கும் முழுப் பொறுப்பும் இவருடையது.”

பழவேற்காடு முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தின் தீர்மானப் புத்தகத்தில், 1979ஆம் வருஷத்துப் பக்கத்தில், இப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியவர் மேல் குற்றமில்லை. கசாப்புக் கடைக்காரரை ஆட்டுக் காப்பாளர் என்று எழுதினாலும் தாள் மறுத்துப் பேசாது.

வாசகரே, இவர் ‘எடுத்துவிடு’ இனத்தைச் சேர்ந்தவர். எந்த இயந்திரத்தைக் கண்டாலும், அது என்ன செய்கிறது என்று இந்த இனம் பார்ப்பதில்லை. அதில் எது தடுக்கிறது என்றுதான் பார்க்கும். பிரேக் கட்டை சக்கரத்தில் உரசுகிறது என்று சைக்கிளிலிருந்து கழற்றி எறிபவர், சீட்டில் அரை மாத்திரை என்று இருந்தால் டாக்டர் கஞ்சர் என்று முடிவு கட்டி இரண்டாக விழுங்குபவர், குக்கர் சும்மா சும்மா விசிலடிக்கிறது என்று அதன் தலையில் குழவிக்கல்லை ஏற்றுபவர், எல்லாரும் ஒரே குலம். கெட்டவர்களா? இல்லவே இல்லை. தாராள மனசுக்காரர்கள். அதுதான் ஆபத்து.

குப்பத்துக்கு ஒலிபெருக்கி வந்தது பாட்டுக்காக அல்ல. பனி மூடும் தை மாதக் காலைகளில், விடியுமுன் கடலுக்குப் போன படகுகளுக்குத் திரும்பி வர முகத்துவாரம் தெரியாது. கரையில் கட்டிய கூம்பு ஹாரனில் கூப்பிட்டால், குரலைப் பிடித்துக்கொண்டு மணல் திட்டில் மோதாமல் உள்ளே வந்துவிடுவார்கள். பாட்டெல்லாம் மிச்ச நேரத்துக்குத்தான்.

லாரி பேட்டரியில் ஓடும் அந்தச் செட்டைக் கட்டிக் கொடுத்தவர் பழவேற்காடு பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அபூபக்கர். அதில் நான்கு பெரிய டிரான்சிஸ்டர்கள். ஹாரன்களுக்கு மின்சாரத்தைத் தள்ளுகிறவை அவைதான். பழைய வால்வு செட்டு அளவு மீறினால் சிவக்கும், முனகும், சேதி சொல்லும். டிரான்சிஸ்டருக்கு அந்த நாகரிகம் கிடையாது. பியூஸ் யோசித்து முடிப்பதற்குள் அது செத்திருக்கும். ஆகவே அபூபக்கர், பெரியவை இழுக்கும் மின்சாரத்தை ஒரு சிறு கம்பிச் சுருள் வழியாகப் போகவிட்டு, அதன் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு சின்ன டிரான்சிஸ்டரை உட்கார வைத்தார். அளவு தாண்டினால் பட்டாணி விழித்துக்கொள்ளும். பெரியவற்றுக்குப் போகும் உத்தரவைப் பாதி வழியில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

“இது எதுக்கு பாய்?” என்றார் நீலமேகம்.

“காவக்காரன்.”

“காவக்காரன் சோத்த நிறுத்துவானா?”

“அளவு மீறித் தின்னா நிறுத்துவான். நாலு ஹாரனுக்கு மேல போடாத. சவுண்டு கரகரன்னா செட்டு கெட்டுப்போச்சுன்னு இல்ல, போதும்னு சொல்லுதுன்னு அர்த்தம்.”

“சரி பாய்.”

இந்த இனத்துக்கு ‘சரி’ என்ற சொல் நாக்கில் தயாராக இருக்கும். வேறெங்கும் இருக்காது.

காணும் பொங்கல் வந்தது. ஏரியில் படகுப் போட்டி. காலையிலேயே பியூஸ் ஒருமுறை போனதால், அதன் இடத்தில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்தார் நீலமேகம். அப்புறம் வடக்குத் தெரு ஜெயம்மா வந்தாள்.

“இன்னா நீலமேகம், வடக்குத் தெருவுல கீறவங்களுக்குக் காது கீதா, இல்லியா?”

“கீது ஜெயம்மாக்கா.”

“அப்ப ஹாரன் எங்க கீது?”

ஐந்தாவது கட்டப்பட்டது. வடக்குக்குக் கொடுத்துத் தெற்குக்கு மறுக்கலாமா? ஆறாவது. அந்த நேரம் பார்த்து, எதிர்க்கரைத் தோணிரேவில் எட்டு ஹாரன் பாடுகிறது என்று யாரோ சொல்லித் தொலைத்தார்கள். ஏரிக்குள் கூப்பிடு தூரத்தில் ஒரு படகை நிறுத்தி, பாய்மரத்தில் ஏழாவது ஹாரனைத் தோணிரேவின் முகத்துக்கு நேராகக் கட்டினார்கள். அதுவரை ஒயர் எப்படிப் போகும்? வலை போகிற மாதிரிதான். முழத்துக்கு ஒரு மிதவை கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். நீளம் போதாமல் மூன்று இடத்தில் ஒட்டு. டேப் இல்லாததால் ஒட்டின் மேல் வலை நூல். நூலின் மேல் வலை முடிச்சு. மடவை மீன் தப்ப முடியாத முடிச்சு. உப்புத் தண்ணீர் மடவையைவிடச் சின்னது என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

வால்யூமைத் திருகினார். தொண்டையில் முள் சிக்கியது போலப் பாட்டு கரகரத்து அமுங்கியது. பட்டாணி தன் வேலையைப் பார்த்தது. நீலமேகமும் தம் வேலையைப் பார்த்தார்: மூடியைத் திறந்தார், “குறுக்கால நிக்கிறவன் நீதானா” என்று கேட்டார், கட்டிங் பிளேயரால் பட்டாணியின் ஒரு காலை வெட்டினார்.

அடடா, என்ன சத்தம். முக்கால் மணி நேரம் அந்த ஏரிக்கரையில் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் இல்லை. அவர் மனைவி கோவிந்தம்மா செட்டின் முதுகில் வைத்துவிட்டுப் போன டீ, ஆறவே இல்லை. அதையும் செட்டின் நற்குணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்.

போட்டியில் முந்தி வந்த படகின் கழி மிதந்த ஒயரில் மாட்டி இழுத்தது. ஒட்டு பிரிந்து, நனைந்த இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தழுவின. செட்டுக்குள் இருந்த பெரிய டிரான்சிஸ்டர்கள் நால்வரும் பாட்டின் ஒரு வரி முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளித்தாள் மட்டும் பத்திரமாக இருந்தது. தோணிரேவின் பாட்டு அப்போதுதான் தெளிவாகக் கேட்டது.

சாயங்காலம் அபூபக்கர் வந்து திறந்து பார்த்தார்.

“கால யாரு வெட்டுனது?”

“தானா ஒடிஞ்சிருக்கும் பாய்.”

“பிளேயர் தடம் கீதே.”

“அது பழைய தடம்.”

“புதுசு மெட்ராஸ்லேந்து வரணும். மூணு நாளாவும்” என்று மூடியை மூடினார் அபூபக்கர். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் நீலமேகத்துக்கு உறுத்தியது.

மூன்று நாள் பனி காத்திருக்குமா? மறுநாளே இறங்கியது. கை நீட்டினால் விரல் தெரியவில்லை. கோவிந்தம்மாவின் தகப்பனார் சுப்பராயலு உட்பட ஏழு படகுக்காரர்கள் வெளியே இருந்தார்கள். கோவிந்தம்மா கரைக்கு வந்து புருஷன் எதிரில் நின்றாள்.

“எங்க நைனா வெளிய கீறாரு. இன்னா பண்ணப் போற?”

“அந்தக் கரகரப்பு மட்டும் வராம இருந்திருந்தா நான் ஏன்…”

“அத வுடுய்யா. செட்டு வாங்குனது இதுக்குத்தான? கூப்புடு.”

“எதுல கூப்புட்றது?”

“எதுலயாவது.”

வாசகரே, சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து, பியூஸ் கட்டையை உருவிப் பாருங்கள். அதில் கிடப்பது மெல்லிய பியூஸ் கம்பியா, போன கோடையில் மின்விசிறி நின்றபோது கைக்குக் கிடைத்ததை முறுக்கிப் போட்ட தடித்த செம்புக் கம்பியா? ‘அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று அப்போது சொன்னது யார்? பெயரைச் சொல்ல வேண்டாம். நீலமேகம் உங்களுக்கு என்ன முறை வேண்டும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

அன்று காலை நீலமேகம் முகத்துவாரத்தில் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று, ஆறு மணியிலிருந்து ஒன்பதரை மணி வரை, வெறும் தொண்டையால் கூப்பிட்டார். ஏழு படகும் வந்து சேர்ந்தன. சுப்பராயலுவின் படகு கடைசியாக வந்தது.