ஹெச்சா, யூவா?

லிஃப்ட் சார் ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு சபதம் எடுத்தார். வீட்டுக்கு வாங்கப்போகிற லேப்டாப்பில் எந்தப் பிராசஸர் இருக்க வேண்டும் என்பதைத் தான்தான் தீர்மானிப்பது. இந்த ஒரு விஷயத்தில் இறங்கிவருவதே இல்லை.

இறங்கிவருவது அவருக்குப் பழக்கமான காரியம். உத்தியோகமே அதுதான். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டில் ஏறி இறங்கி, கயிறு உறுதியாக இருக்கிறதா, கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பார். அதனால்தான் அக்கம்பக்கத்தில் அந்தப் பெயர். ஆபீஸிலாவது இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை ஏறுவார். வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. திரைச்சீலையின் நிறத்தில் இறங்கிவந்தார். கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்பதில் இறங்கிவந்தார். போன வருஷம் மீசை விஷயத்திலும் இறங்கிவந்துவிட்டார். இப்போது அந்த இடம் காலி.

அவர் மனைவி வீட்டிலிருந்தே வேலை செய்பவள். வீடியோவில் யாராவது பேசினால், அதைக் கேட்டு, படத்துக்கு அடியில் எழுத்துகளாகப் போடுவாள். அவளுடைய பழைய லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டு, துணியை உலர்த்திவிட்டு வந்தால்தான் அது என்ன கேட்டாய் என்று விழிக்கும். சபதத்துக்கு முந்தைய நாள் அது விழிப்பதையும் நிறுத்திக்கொண்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும், சின்னதாக இருந்தால் போதும் என்றாள் அவள்.

லிஃப்ட் சார் அன்று மாலையே கடையில் கொடுத்த விளம்பரத் தாளோடு வந்தார். பிடித்துப்போனவை இரண்டு. நிறம் ஒன்று, திரை ஒன்று, கீபோர்டு ஒன்று. ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி. பிராசஸரின் பெயரும் எண்ணும்கூட அப்படியே ஒன்று. கடைசி எழுத்தில்தான் வித்தியாசம். ஒன்று ஹெச் என்று முடிந்தது, இன்னொன்று யூ என்று முடிந்தது. யூ சாது. கொஞ்சமாக மின்சாரம் சாப்பிட்டு, சூடாகாமல், சத்தம் போடாமல் சொன்ன வேலையைச் செய்யும். ஹெச் முரடன். வேகம் அபாரம், ஆனால் கொதிக்கும், இரையும், பாட்டரியை உறிஞ்சிவிடும். கடைசி எழுத்துதான் ஒரு மிஷினின் தலையெழுத்து என்று ஆபீஸில் அவர் விளக்கியபோது, கேட்டவர்கள் தேநீரை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார்கள்.

எழுத்துப் போடும் வேலைக்கு யூ தாராளமாகப் போதும். அது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவருக்கு வேண்டியது ஹெச்.

காரணம் மச்சினன். மனைவியின் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் தன் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைக் காட்டினான். இருக்கையில் உட்கார்ந்தால் முன்னால் ஓடுபாதை. நெம்புகோலைத் தள்ளினால் ஊர் கீழே போகிறது, மேகம் கிட்டே வருகிறது. பதினைந்து வருஷமாக ஒரு பெட்டிக்குள் நின்றபடி மேலேயும் கீழேயும் மட்டுமே போய்வந்த மனுஷன். முன்னால் போக முடியும் என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த விளையாட்டுக்கு யூ தாங்காது, ஹெச்தான் வேண்டும் என்று மச்சினன் சொன்னதை அவர் மந்திரம் போல மனதில் வாங்கிக்கொண்டார்.

இதை மனைவியிடம் நேராகச் சொல்ல முடியுமா? ஒருதடவை அவள் வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலையும் கற்றுக்கொள்ளப்போவதாகச் சொன்னபோது, அது வெட்டி வேலை என்று சிரித்தவர் அவர். அவள் சிரிக்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு நின்றது. இப்போது விமானம் ஓட்டப்போகிறேன் என்று போய் நின்றால் சிரிப்பது அவள் முறையாகிவிடும். ஆகவே எல்லாமே அவளுடைய நன்மைக்காக என்று நடத்திவிடத் தீர்மானித்தார்.

சாப்பாட்டு மேஜையில் பேச்சைத் தொடங்கினார். உன் உழைப்புக்கு ஹெச்தான் மரியாதை என்றார். அவள் மோரை ஊற்றிக்கொண்டே, தனக்கு யூ போதும் என்றாள். ஹெச் சூடாகுமாமே, மடியில் வைக்க முடியாதே என்று கேட்டாள். மடியில் எதற்கு வைக்க வேண்டும், ஜன்னலோரம் காற்று வருகிற மேஜை இருக்கிறதே என்றார் அவர். அது அவருடைய மேஜை. ரேடியோவும், அவர் பிரித்துப்போட்டுத் திரும்பச் சேர்க்காத கடிகாரங்களும் இருந்த மேஜை. உங்க மேஜையாச்சே என்று அவள் தயங்கினாள். உனக்கில்லாத மேஜையா என்று அவர் கடிகாரங்களை அள்ளி ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

மறுநாள் அவளுக்கு வேறொரு சந்தேகம். பாட்டரி நிற்காது என்றால் எப்போதும் பிளக்கில் செருகியபடியே வைக்க வேண்டுமே. ஜன்னலோரம் இருக்கிற ஒரே பிளக்கில் அவர் ரேடியோ இருக்கிறதே. ரேடியோ சமையலறைக்குப் போயிற்று. அடுத்த நாள் சத்தம். அது இரைகிற நேரத்தில் டிவியும் இரைந்தால் தலை வலிக்குமே என்றாள். மாலையில் தான் டிவி பார்ப்பதையே விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அதற்கு மறுநாள் விலை. அதிகம்தானே என்று இழுத்தாள். தனக்கென்று பார்த்து வைத்திருந்த சைக்கிள் இந்த வருஷம் வேண்டாம், நடந்தால் உடம்புக்கு நல்லது என்றார். ஒவ்வொரு தடையாக உடைத்துக்கொண்டு போவதில் அவருக்கு அப்படி ஒரு உற்சாகம். வாழ்க்கையிலேயே முதல்முறையாக மனைவியோடு வாதம் செய்து ஜெயித்துக்கொண்டிருந்தார். ஜெயிக்கிறவன் என்னென்ன கொடுத்தான் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

கடைசியில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய அம்மா வந்திருந்த நாள் அது. மாமியார் சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யூ போதும்னு நான் இவ்வளவு சொல்றேன். நீங்க விடமாட்டேங்கறீங்க. அந்த ஹெச்சை வச்சு நீங்க ஏதாவது பண்ணப் போறீங்களா?"

மாமியார் கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். லிஃப்ட் சாருக்கு ஏறுகிற லிஃப்டின் கயிறு அறுந்த மாதிரி இருந்தது. ஆனால் ஜெயிக்கிற கட்டத்தில் தோற்க அவர் தயாராக இல்லை.

"நானா? உன் மிஷின் அது. நான் அதுமேல விரல்கூட வைக்கமாட்டேன். அத்தை, நீங்களே சாட்சி."

"சரி மாப்பிள்ளை, நான் சாட்சி" என்று மாமியார் மறுபடியும் கீரைக்குப் போனார்.

"இவ்வளவு தூரம் சொல்றீங்க" என்று மனைவி பெருமூச்சு விட்டாள். "உங்க இஷ்டம். ஹெச்சே வாங்கிடுங்க."

அவர் அன்று நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைச் சோதித்துவிட்டு, இறங்கும்போது வேண்டுமென்றே படிகளில் விசிலடித்துக்கொண்டு இறங்கினார். சத்தியம் செய்ததைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படவில்லை. எழுத்துப் போடுகிற வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும். மாலை நேரம் மிஷின் சும்மா கிடக்கும். ஒருநாள், சும்மாதானே கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் அவளே கொடுத்துவிடுவாள். அப்புறம் அவர், ஓடுபாதை, மேகம்.

லேப்டாப் வந்தது. ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தது. மாலையில் அவர் வீட்டுக்கு வந்தபோது அது இரைந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு நாரை தண்ணீரில் ஒற்றைக்காலில் நின்றது. மனைவி காதில் ஹெட்போனோடு நாரையை முன்னால் ஓட்டுவதும் பின்னால் ஓட்டுவதுமாக இருந்தாள். மறுநாள் மாலையும் அதே இரைச்சல், அதே நாரை. மூன்றாம் நாள் நாரை போய்க் கொக்கு வந்தது.

இது என்ன புது வேலை என்று அவர் மெல்ல விசாரித்தார். பறவை ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மா ஏரிக்கரையில் மாசக்கணக்கில் எடுத்த வீடியோ அது என்றாள். அத்தனையையும் வெட்டி ஒட்டி ஒரு படமாக்கித் தர வேண்டும். அந்த வேலையை அவள் ஒரு வருஷமாகவே வீட்டில் சத்தமில்லாமல் கற்றுக்கொண்டிருக்கிறாள். பழைய மிஷினில் ஒரு பறவை இறக்கை விரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஹெச் இருக்கவே பிழைத்தேன் என்று அவருக்கு நன்றி வேறு சொன்னாள். மாலையில் எப்போது ஓயும் என்று கேட்டார். மாலையில்தான் வெட்டி ஒட்டினதையெல்லாம் மிஷின் ஒன்றாகச் சேர்க்கும், நடுவில் தொட்டால் எல்லாம் போய்விடும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை? ஞாயிற்றுக்கிழமையில் பறவைகளுக்கு லீவு கிடையாது என்றாள்.

லிஃப்ட் சார் சமையலறையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்கென்று வேறு இடம் மிஞ்சவில்லை.

அடுத்த வாரம் மிஷின் ரொம்பச் சூடாகிறது, அடியில் வைக்க மின்விசிறி வைத்த ஸ்டாண்ட் ஒன்று வேண்டும் என்று அவள் சொல்லி அனுப்பினாள். லிஃப்ட் சார் நடந்தே கடைக்குப் போனார். கடையை நடத்துவது மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருக்கும் ஒரு பெரியம்மா. ஸ்டாண்டை எடுத்துக்கொண்டே, மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று விசாரித்தார். பிரமாதம், நான் தேர்ந்தெடுத்ததாயிற்றே என்றார் இவர், மிச்சமிருந்த பெருமையைத் திரட்டி.

பெரியம்மா சிரித்தார். "மேடம் போன மாசமே வந்தாங்க சார். பறவை வீடியோவைக் கொண்டுவந்து ரெண்டு மிஷின்லயும் ஓட்டிப் பார்த்தாங்க. ஹெச்சை எடுத்து வைங்க, எங்க வீட்டுக்காரர் வந்து இதைத்தான் கேப்பாருன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதே மாதிரி நீங்களும் வந்து கேட்டீங்க. உங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவு ஒத்துமைன்னு நான் எங்க வீட்டுல சொல்லிட்டிருந்தேன்."

லிஃப்ட் சார் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் எப்படியெல்லாம் கேட்பது என்று ஒத்திகை பார்த்தார். வீட்டுக்கு வந்து ஸ்டாண்டை மேஜைமேல் வைத்தபோது, திரையில் ஒரு பெரிய கூட்டமாக வாத்துகள் தண்ணீரிலிருந்து கிளம்பி மேலே போயின. கீழே ஏரி சின்னதாகிக்கொண்டே போயிற்று. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், அப்படியே நின்று பார்த்தார். நன்றாகத்தான் வெட்டியிருக்கிறாள் என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதை வாய்விட்டும் சொன்னார். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

உட்கார்ந்த பிறகு கேட்டார். "ஒருவேளை நான் யூவே போதும்னு சொல்லியிருந்தா?"

"அப்போ எனக்கு ஹெச்தான் வேணும்னு ஒரு வாரம் ஒத்தைக் கால்ல நின்னிருப்பேன். நீங்க இறங்கிவந்திருப்பீங்க."

"அது சரி. எனக்கு ஹெச்தான் வேணும்னு உனக்கு எப்படித் தெரியும்? உன் தம்பி சொன்னானா?"

"அவன் வாயே திறக்கலை" என்றாள் அவள், வாத்துக் கூட்டத்தைப் பின்னால் ஓட்டியபடி. "அவன் வீட்டுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து நீங்கதான் தூக்கத்துல விமான அறிவிப்பு பண்றீங்க. சீட் பெல்ட்டைப் போடச் சொல்லி என்னை எழுப்பினீங்க. போட்டுட்டேன்னு நான் சொன்னதுக்கப்புறம்தான் திரும்பிப் படுத்தீங்க."